விலங்குத் தலை போட்ட காமிக்ஸ்: எதை வாங்கலாம், யாருக்குக் கொடுக்கலாம்?

ஜூன் 7, மாலை (கேள்வி)

மகனுக்குப் பதின்மூன்று வயது, படிவம் 1. வெறும் எழுத்தாக இருக்கிற புத்தகத்தைத் தொடமாட்டான். பூனையும் நாயும் சட்டை போட்டுக்கொண்டு பேசினால் மட்டும் சோறு தண்ணி மறந்து படிக்கிறான். ‘டாக் மேன்’ எல்லாம் முடித்தாச்சு. “மீசை முளைக்கிற வயசுல மிக்கி மவுஸா?” என்று என் அண்ணன் கேலி பண்ணுகிறார். இதில் தரமானது ஏதும் உண்டா, இல்லை நிஜமாகவே சின்னப் பிள்ளைச் சமாச்சாரம்தானா? இங்கிலீஷ், மலாய் எதுவானாலும் சரி. இருப்பது சுங்கை சிப்புட். ஈப்போ போகும்போது வாங்கிக்கொள்வோம்.

ஜூன் 7, இரவு

அக்கா, அண்ணனுக்கு முதலில் பதில். எலித்தலை போட்ட ஒரு காமிக்ஸுக்கு 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது கொடுத்திருக்கிறார்கள். ஆர்ட் ஸ்பீகல்மேனின் ‘மவுஸ்’. யூதர்கள் எலி, ஜெர்மானியர்கள் பூனை, போலந்துக்காரர்கள் பன்றி, அமெரிக்கர்கள் நாய். நாஜிகளின் வதைமுகாமான ஆஷ்விட்ஸ் போய் உயிரோடு திரும்பிய அப்பா சொல்லச் சொல்ல மகன் வரைந்தது. முதல் பாகம் 1986, இரண்டாவது 1991. அண்ணன் படித்தால் மீசை நனையும்.

பையனுக்கு இப்போதைக்கு மூன்று. பெஞ்சமின் ரென்னரின் ‘தி பிக் பேட் ஃபாக்ஸ்’, டான் ரோசா எழுதிய ஸ்க்ரூஜ் மெக்டக் வாழ்க்கை வரலாறு, ஸ்டான் சாகாயின் ‘உசாகி யோஜிம்போ’. இதே வரிசையில் கொடுங்கள். ஆலையில் நைட் ஷிப்டு, மீதி நாளைக்கு.

ஜூன் 8, காலை

நரி. அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, பண்ணைக் கோழியே அடித்து விரட்டுகிறது. ஓநாய் யோசனை சொல்கிறது: முட்டையைத் திருடு, பொரிக்க வை, கொழுக்க வை, அப்புறம் தின்னலாம். குஞ்சுகள் வெளியே வந்து நரியைப் பார்த்து ‘அம்மா’ என்கின்றன. அதற்கப்புறம் நரி படுகிற பாடுதான் புத்தகம். பிரெஞ்சில் 2015-இல் வந்தது. கட்டம் போடாமல் வெள்ளைத் தாளில் படங்களை அப்படியே வரிசையாக விட்டிருப்பார் ரென்னர். படிக்க அலுக்கும் பையனுக்கு இது நல்ல தூண்டில். சத்தமாகச் சிரிப்பான், நீங்களும் எட்டிப் பார்ப்பீர்கள்.

ஸ்க்ரூஜ் வாத்து 1947-இல் கார்ல் பார்க்ஸ் உண்டாக்கியது. அந்தக் காலத்தில் புத்தகத்தில் வரைந்தவர் பெயரே இருக்காது, டிஸ்னி பெயர்தான். படிக்கிற பிள்ளைகளே கோடுகளைப் பார்த்து ‘நல்லா வரையறவர்’ என்று அவரைத் தனியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பல வருஷம் கழித்துத்தான் பெயர் தெரிய வந்தது. டான் ரோசா அந்தப் பிள்ளைகளின் தலைமுறை. குடும்பத்தின் கட்டுமானத் தொழிலில் இருந்தவர், அதை விட்டுவிட்டு வாத்து வரைய வந்தார். பார்க்ஸ் கதைகளில் போகிற போக்கில் வரும் ஒரு வரி, ஒரு ஊர்ப்பெயர், எல்லாவற்றையும் பொறுக்கி, முன்பின் இடிக்காமல் பன்னிரண்டு அத்தியாயமாகக் கோத்தார். 1992 முதல் 1994 வரை வந்தது, மறு வருஷம் காமிக்ஸுக்கென்றே கொடுக்கிற ஐஸ்னர் விருது வாங்கியது.

அதில் முதல் அத்தியாயத்தை நான் பலருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். கிளாஸ்கோவில் பத்து வயதுப் பொடியன், முதல் நாள் வேலை, ஒரு குழிவெட்டியின் பூட்ஸைத் துடைக்கிறான். சேறு கட்டி இறுகிய பூட்ஸ். கூலியாகக் கிடைப்பது அமெரிக்கக் காசு, ஸ்காட்லாந்தில் செல்லாது. கோடீஸ்வரக் கிழவர் கடைசி வரை பொத்திப் பாதுகாக்கிற ‘முதல் காசு’ அந்தச் செல்லாக் காசுதான். தோட்டத்துக் கிராணி (கணக்குப்பிள்ளை) எழுதின கணக்கையும் கையில் வந்த சம்பளத்தையும் ராத்திரி விளக்கடியில் ஒத்துப் பார்க்கிற வீட்டில் நான் வளர்ந்தேன். அந்தப் பக்கம் எனக்கு வாத்துக் கதையாகத் தெரியவில்லை.

உசாகி பற்றி எழுத ஆரம்பித்தால் தூங்க முடியாது. மாலையில்.

ஜூன் 8, மாலை

உசாகி: முயல். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பான், எஜமானை இழந்த சாமுராய், ஊர் ஊராக நடக்கிறான். மியாமோட்டோ முசாஷி என்ற நிஜ வாள்வீரரை வைத்து உண்டாக்கியது. சாகாய் கியோட்டோவில் பிறந்து ஹவாயில் வளர்ந்தவர். 1984-இல் ஆரம்பித்தது, இன்றைக்கும் வருகிறது, அதே ஒருவர் எழுதி வரைந்து எழுத்துகளையும் கையாலேயே போடுகிறார்.

ஏன் பிடிக்கிறது என்றால், வாள்சண்டை முடிந்த அடுத்த கதையிலேயே பட்டம் செய்கிற ஒருவரைப் பற்றி நிதானமாகச் சொல்வார். மூங்கிலை எப்படிச் சீவுவது, காகிதத்தை எப்படி ஒட்டுவது என்று பக்கம் பக்கமாக. கடற்பாசி வளர்ப்பு, மண்பாண்டம், இதற்கெல்லாமும் கதை உண்டு. உழைப்பை இத்தனை மரியாதையோடு வரைகிறவர் காமிக்ஸில் குறைவு. சாவு நிறைய வரும், ஆனால் ரத்தம் தெறிக்காது. செத்தவன் வாயிலிருந்து ஒரு பேச்சுக்குமிழி, அதற்குள் சின்ன மண்டையோடு, அவ்வளவுதான். பதின்மூன்று வயதுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். மூலையில் குட்டிப் பல்லிகள் ஓடிக்கொண்டே இருக்கும், நம் வீட்டுச் சுவர் நினைவுக்கு வரும்.

‘முயலா?’ என்று பையன் முகம் சுளித்தால், நிஞ்ஜா ஆமைகளின் கார்ட்டூனில் விருந்தாளியாக வரும் முயல் இவன்தான் என்று சொல்லுங்கள். ஆமைகளும் 1984-இல் பிறந்தவை. இரண்டு பேர் சேர்ந்து சொந்தக் காசில் சுமார் 3000 பிரதி, கறுப்பு வெள்ளையில் அடித்தது. சிவகாசியில் லயன் காமிக்ஸ் ஆரம்பித்ததும் அதே வருஷம். எனக்கு இப்படி வருஷத்தை வருஷத்தோடு முடிச்சுப்போடுகிற நோய் உண்டு, கண்டுகொள்ளாதீர்கள்.

ஜூன் 9

தெலுக் இந்தானிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “நல்லது கெட்டது எப்படிப் பிரிக்கிறீங்க?”

என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. சட்டையைக் கழற்றிப் பார், உள்ளே விலங்கு மிஞ்சுகிறதா? நரிக் கதை தேறும். முதலில் பார்த்த முகத்தை அம்மா என்று ஒட்டிக்கொள்வது கோழிக்குஞ்சின் இயல்பு, மனிதரை வைத்து அந்தக் கதையைச் சொல்ல முடியாது. கிராண்ட் மாரிசனும் ஃபிராங்க் கொயிட்லியும் 2004-இல் செய்த ‘வீ த்ரீ’யும் தேறும். நாய், பூனை, முயல் மூன்றையும் ராணுவம் ஆயுதமாக மாற்றிவிடுகிறது, அவை வீடு தேடி ஓடுகின்றன. நாய் நாயாகவே இருக்கிறது, ‘நல்ல நாயா?’ என்றுதான் அதற்குக் கவலை. மூன்றே இதழ். பையனுக்கு வேண்டாம், கொடூரம் அதிகம்.

டேவிட் பீட்டர்சனின் ‘மவுஸ் கார்ட்’ (2006) கொஞ்சம் வேடிக்கையான விஷயம். எலிகள் அங்கி போட்டு வாள் பிடித்துத் தங்கள் ஊர்களைக் காவல் காக்கின்றன. புத்தகமே சதுரமாக இருக்கும், இலையும் பனியும் வரைந்திருப்பது கண்ணை எடுக்க விடாது. பாம்பு, நண்டு, ஆந்தை எல்லாம் எமன். எலியின் உயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்க வைக்கிறார். ஆனால் செம்பனையை நம்பிப் பிழைக்கிறவனுக்குச் சங்கடம் இருக்கிறது. எலி குலையைக் கடித்து நாசம் பண்ணும், அதற்காகவே தோட்டத்தில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறோம். எங்கள் பக்கம் ஆந்தைதான் சம்பளம் வாங்காத தொழிலாளி. கதையில் ஆந்தை வந்ததும் நான் கட்சி மாறிவிட்டேன்.

ஜூன் 9, கொஞ்ச நேரம் கழித்து

அதே தம்பி மடக்கிவிட்டார்: “உசாகி சட்டையைக் கழற்றினா மனுசன்தானே இருக்கான்?”

ஆமாம். காது இரண்டையும் குடுமி மாதிரிக் கட்டியிருக்கிறான் என்பதைத் தவிர முயல்தனம் ஒன்றும் கிடையாது. காண்டாமிருகம் ஒன்று காசுக்காகக் குற்றவாளிகளைப் பிடித்துக்கொடுக்கும், பூனை நிஞ்ஜாவாக வரும், யாரும் யாரையும் இனம் சொல்லிப் பேசுவதில்லை. சோதனைப்படி பார்த்தால் உசாகி ஃபெயில். ஆனாலும் என் அலமாரியில் அதிக இடம் பிடித்திருப்பது அதுதான். யோசிக்கிறேன்.

ஜூன் 10

பினாங்கு நண்பர் ‘பிளாக்சாட்’ இல்லாமல் பட்டியலா என்று சண்டைக்கு வந்திருக்கிறார். நியாயமான சண்டை. ஆனால் “அமெரிக்கக் காமிக்ஸிலேயே உச்சம்” என்பதுதான் இடிக்கிறது. கதை நடப்பது 1950-களின் அமெரிக்காவில். எழுதிய ஹுவான் டியாஸ் கனாலெஸும் வரைந்த ஹுவான்ஹோ குவார்னிடோவும் ஸ்பெயின்காரர்கள், புத்தகம் முதலில் 2000-இல் பிரான்சில் பிரெஞ்சு மொழியில் வந்தது. குவார்னிடோ பாரிஸ் பக்கத்தில் இருந்த டிஸ்னி அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர், டார்சான் படத்துச் சிறுத்தை அவர் கைவண்ணம். அதனால்தான் கறுப்புப் பூனைத் துப்பறிவாளன் மழைக்கோட்டுக்குள் தோளை ஒடுக்குவதில்கூடப் பூனை தெரிகிறது.

அக்கா, இது அண்ணனுக்கும் உங்களுக்கும். பையன் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கொலை, படுக்கையறை எல்லாம் உண்டு.

இரண்டாவது தொகுதி ‘ஆர்க்டிக் நேஷன்’. வெள்ளை உரோமம் உள்ள விலங்குகள், துருவக் கரடியும் பனி நரியுமாகச் சேர்ந்து கட்சி கட்டி, கறுப்பு உரோமக்காரர்களை ஒடுக்குகின்றன. அட்டகாசமாக வரைந்திருக்கிறார். ஆனால் எனக்கு அதில் ஒரு முள். கீழே நண்பர்கள் அதைத்தான் பேச ஆரம்பித்திருக்கிறீர்கள் என்பதால் நாளைக்கு.

ஜூன் 11

ரவாங்கிலிருந்து எழுதியவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார்: மலேசியாவுக்கு ஒரு ‘மவுஸ்’ வரையலாம், மலாய்க்காரர் இந்த விலங்கு, சீனர் அந்த விலங்கு, நாம் இன்னொன்று, பாரத்தில் வரும் ‘லைன் லைன்’ (மற்றவர்கள்) கட்டத்துக்கு ஒரு ஓந்தி. சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரு இனத்துக்கு ஒரு விலங்கு என்று வரைந்துவிட்டால் என்ன சொல்கிறோம்? பூனை எலியைத் தின்னும், அது பிறவிக் குணம். அப்படியானால் ஒருவன் இன்னொருவனை ஒடுக்குவதும் பிறவிக் குணமா? யாரும் திருந்த வழியில்லையா? பள்ளிக்கூடப் பாரத்திலிருந்து வங்கிப் பாரம் வரை ‘இனம்’ என்ற கட்டத்தில் கோடு போட்டே வளர்ந்த நமக்கு இது வெறும் கலைச் சமாச்சாரம் இல்லை. தோட்டத்தில் என் பக்கத்து லயத்தில் ஒரு சீனக் குடும்பம் இருந்தது, அந்த ஆள் பேசின தமிழ் என் தாத்தா பேசினதைவிடச் சுத்தம். அவரை எந்தத் தலை போட்டு வரைவது?

ஸ்பீகல்மேன் இதை நன்றாக அறிந்தவர். யூதர்களை எலியாக, பூச்சி புழுவாகப் பார்த்தது நாஜிப் பிரச்சாரம்தான். அந்த வசவையே எடுத்துக்கொண்டு, வரைந்து வரைந்து அதைக் கிழிக்கிறார். அப்பா போலந்துத் தெருவில் ஒளிந்து நடக்கும்போது எலி முகத்துக்கு மேல் பன்றி முகமூடி கட்டியிருப்பார், பின்னால் கயிறு தெரியும். இரண்டாம் பாகத்தில் ஆசிரியர் தன்னையே வரைந்துகொள்கிறார்: மனிதத் தலை, அதன்மேல் கயிறு கட்டின எலி முகமூடி, மேசைக்குக் கீழே பிணக் குவியல். பிரெஞ்சுக்காரியாகப் பிறந்து யூத மதத்துக்கு மாறிய மனைவியை எந்த விலங்காக வரைவது என்று தெரியாமல் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கிக்கொண்டிருப்பதையும் பக்கமாக்கி இருக்கிறார். தவளையா, எலியா? அந்தக் குழப்பத்தை மறைக்காததுதான் அந்தப் புத்தகத்தின் நேர்மை.

‘ஆர்க்டிக் நேஷ’னில் அந்தக் கயிறு தெரிவதில்லை. வெள்ளை உரோமம் நிஜமாகவே வெள்ளை உரோமம். கோபத்தோடு, நல்ல எண்ணத்தோடு செய்த புத்தகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிறவெறியர்கள் சொல்கிற ‘நாங்க வேற பிறவி’ என்பதைப் படம் பாதி ஒத்துக்கொள்கிறது.

இப்போது உசாகி. அங்கே முயலும் காண்டாமிருகமும் ஒரே சாராயக்கடையில் உட்கார்ந்து ஒரே மாதிரிச் சோறு தின்கின்றன. தலை மட்டும் வேறு வேறு, அதற்கு அர்த்தம் ஏதும் வைக்கவில்லை சாகாய். அர்த்தம் வைக்காததால் யாரையும் குத்தவில்லை. ஆகவே தெலுக் இந்தான் தம்பிக்குத் திருத்திய சோதனை: உள்ளே விலங்கு இருக்கட்டும், அல்லது முகமூடியின் கயிறு தெரியட்டும், அல்லது தலைக்கு அர்த்தமே வேண்டாம். நடுவில் நிற்கிறவைதான் என்னை உறுத்துகின்றன.

ஜூன் 11, இரவு

பெரிய பேச்சாகப் போய்விட்டது. பையன் நரிக் கதை படித்தானா இல்லையா, அதைச் சொல்லுங்கள் அக்கா.

ஜூன் 12

பன்றித்தலை உள்ள புத்தகம் இங்கே கிடைக்குமா என்று ஒருவர். நான் ‘மவுஸ்’ வாங்கியது கோலாலம்பூரில், பிளாஸ்டிக் சுற்றிக் கடை அலமாரியில் இருந்தது. கேள்வியின் காரணம் புரிகிறது. 2014-இல் நியூயார்க் டைம்ஸின் சர்வதேசப் பதிப்பில் பன்றிப் படம் வந்தபோது, இங்கே அச்சடித்தவர்கள் பன்றிகளின் முகத்தில் மட்டும் கறுப்புப் பூசிவிட்டார்கள். உடம்பு அப்படியே இருந்தது. ஸ்பீகல்மேனுக்கே தோன்றாத முகமூடி.

ஜூன் 14

தமிழில் ஒன்றும் இல்லையா என்ற கேள்விக்கு.

நம் தலைமுறைக்குப் ‘பூந்தளிர்’ இருந்தது. வாண்டுமாமா ஆசிரியர். வேண்டிய அளவு வால் நீளும் கபீஷ் குரங்கு, காக்கை காளி. சுங்கை சிப்புட் அஞ்சடியில் ஒரு முடிவெட்டும் கடை, வரிசை நீளமாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் நான் போவேன், பழைய இதழ் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அட்டை இருக்காது, கடைசிப் பக்கமும் இருக்காது. பல கதைகளுக்கு முடிவு நானே போட்டுக்கொண்டது.

லயன், முத்து வாசகர்களுக்கு ஒரு உபரித் தகவல். ஷெரீப் டாக்புல், கிட் ஆர்டின் என்று நாம் சிரித்துப் படித்த சிக் பில் கூட்டம், பெல்ஜியத்தில் 1953-இல் தொடங்கியபோது மனிதர்களே இல்லை, விலங்குகள். அப்புறம்தான் அதை வரைந்த டிபெட் அவர்களை மனிதர்களாக்கினார்.

மலாயில் என்றால் எனக்கு சாங் கஞ்சில்தான். சருகுமான். முதலைகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணுவதாகச் சொல்லி முதுகில் ஏறி ஆற்றைத் தாண்டுகிற போக்கிரி. மலாக்கா சின்னத்திலேயே இரண்டு நிற்கின்றன. இந்த நாட்டின் முதல் குறும் அனிமேஷன் படமும் அதுவே: ‘ஹிகாயாட் சாங் கஞ்சில்’, அரசுத் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாராவில் ஆனந்தம் சேவியர் செய்தது, 1983-இல் வெளிவந்தது. அந்தப் பெயரை ஏன் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் காணோம் என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம். பொடியன் பெரியவனை ஏய்த்துப் பிழைக்கிற கதை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை. அதை எடுத்து முந்நூறு பக்கத்துக்கு, பெரியவர்களுக்காக, யாராவது வரைந்தால் நான் முன்பணம் கட்டத் தயார்.

லாட்டின் ‘கம்போங் பாய்’ சொன்ன நண்பருக்கு: அதில் எல்லாரும் மனிதர்கள். தலைப்புக்கு வெளியே. ஆனாலும் வாங்குங்கள்.

ஜூன் 15

‘பீஸ்டார்ஸ்’ கேட்ட தங்கச்சிக்கு. பாரு இதாகாகி, 2016 முதல் 2020 வரை, 22 தொகுதி. புலால் தின்கிறவையும் புல் தின்கிறவையும் ஒரே பள்ளி விடுதியில். ஆரம்பத்திலேயே ஒரு அல்பாகா மாணவன் கொல்லப்படுகிறான், யார் என்று தெரியாது. ஓநாய்ப் பையன் தன் பல்லை நினைத்தே கூசுகிறான். அன்பா, பசியா என்று அவனுக்கே பிடிபடவில்லை. என் சோதனையில் முதல் வகைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. முதல் பாதிதான் பிரமாதம், பிற்பாடு கதை எங்கெங்கோ போகிறது. பதினாறு, பதினேழுக்கு மேல். ஆசிரியர் வெளியே வரும்போது கோழித்தலை மாட்டிக்கொண்டு வருவார். முகமூடி விஷயத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

ஜூன் 16

அக்கா எழுதியிருக்கிறார்: நரி முடிந்தது, இரண்டு தரம். வாத்து போய்க்கொண்டிருக்கிறது. அகராதி எடுத்துப் பார்க்கிறானாம்.

அடுத்து ஜெஃப் ஸ்மித்தின் ‘போன்’ கொடுக்கலாம். 1991 முதல் 2004 வரை 55 இதழ், எல்லாம் ஒரே கட்டாக 1300 பக்கத்துக்கு மேல். நாயகன் எந்த விலங்கு என்று கேட்காதீர்கள், வெள்ளையாக மூக்கு பெருத்து இருப்பான். துரத்துகிற எலிப்பிராணிகள் இரண்டு, பயங்கரமானவை, ஆனால் பிடித்ததைப் பச்சையாகத் தின்பதா, சமைப்பதா என்று சண்டை போட்டே கோட்டைவிடும். வண்ணம் பூசின தனித்தனித் தொகுதிகளும் வந்திருக்கின்றன, பையன் கைக்கு அதுதான் வசதி. தலையணைக் கட்டைப் படுத்துக்கொண்டு படித்தால் மூக்கு உடையும்.

உங்களுக்கென்று கேட்டீர்கள். ஜோன் ஸ்ஃபாரின் ‘தி ராபைஸ் கேட்’. அல்ஜீரியாவில் ஒரு யூத குருவின் வீட்டுப் பூனை, கிளியைத் தின்றுவிட்டுப் பேச்சு வரப்பெறுகிறது. பேசும் முதல் பேச்சே பொய்: கிளியை நான் தின்னவில்லை. அப்புறம் எனக்கும் மதச்சடங்கு செய்து வை என்று குருவோடு வாதம். கடவுள், சாப்பாடு, வளர்ந்த மகளைக் கட்டிக்கொடுக்கிற அப்பாவின் வயிற்றெரிச்சல் எல்லாம் அதில் இருக்கிறது. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்து பழகினவர்களுக்கு இன்னும் ருசிக்கும்.

ஜூன் 19

‘மவுஸை’ எந்த வயதில் கொடுப்பது? 2022-இல் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துப் பள்ளி வாரியம் ஒன்று அதை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தது, சில கெட்ட வார்த்தைகளையும் ஒரு நிர்வாணப் படத்தையும் காரணம் காட்டி. செய்தி பரவியதும் புத்தகம் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. அதனால்தான் முதலில் பையன் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறேன். உசாகியும் போனும் முடித்த பிறகு, பதினைந்தில், நீங்கள் முன்னாலேயே படித்துவிட்டுக் கொடுங்கள். அவன் தாத்தா பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் எங்கே இருந்தார்கள், யார் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை என்பதையும் கூடவே சொல்லுங்கள். மகன் அப்பாவை உட்கார வைத்துக் கேட்டு வரைந்த புத்தகம் அது. நம் வீடுகளில் அப்படிக் கேட்கக்கூடிய ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஜூன் 22

உசாகி எங்கிருந்து தொடங்குவது என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். முதல் ஏழு தொகுதி ஃபேண்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம், எட்டிலிருந்து பெரும்பாலும் டார்க் ஹார்ஸ் பதிப்பகம். ‘சாகா’ என்று வருகிற தடித்த தொகுப்புகள் எட்டாவதிலிருந்துதான் ஆரம்பிக்கும். கதைகள் பெரும்பாலும் தனித்தனி, ஆகவே கையில் கிடைப்பதை எடுக்கலாம். ஆனால் பன்னிரண்டாவது, ‘கிராஸ்கட்டர்’, அதை மட்டும் நேரடியாக எடுக்காதீர்கள். புராண வாள் ஒன்றைத் தேடுகிற பெரிய கதை, முன்னால் வந்த ஆட்கள் எல்லாம் அதில் கூடுகிறார்கள். 1999-இல் ஐஸ்னர் வாங்கினது. பத்தும் பதினொன்றும் படித்துவிட்டுப் போனால் யார் செத்தாலும் வலிக்கும்.

ஈப்போ பழைய புத்தகக் கடையில் போன வாரம் ஒன்பதாவதும் பதினான்காவதும் இருந்தன, பதினெட்டு வெள்ளி போட்டிருந்தார்கள். பேரம் பேசினால் இறங்கும். ஒன்பது என்னிடம் இருக்கிறது. பதினான்கை யாரும் எடுக்காதீர்கள், சம்பளம் வந்ததும் நான் போகிறேன்.